சிக்னே உடைத்த சன்னல்

என் அக்கா சிக்னே எந்தச் சன்னலைக் கடந்து போனாலும் அதன் கீழ்ச்சட்டத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். தேவாலயத்தில் பார்ப்பாள், தபால் நிலையத்தில் பார்ப்பாள். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, இறந்தவரின் மகளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் சன்னலோரத்தைத் தடவியதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து வெடித்திருக்கிறதா என்பதுதான் அவள் கவலை.

"அடுத்தவங்க வீட்டு சன்னல விடேன்" என்பார் அவள் கணவர் ஆர்வித்.

"ஒழுகினா அவங்களுக்குத்தானே நல்லதில்ல?" என்பாள் அக்கா.

மலைநடைச் சங்கத்தின் ஸ்டைன்பு குடிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவள் ஏற்ற வருடத்தில் இந்தப் பழக்கம் தொடங்கியது. அவளுக்கு அப்போது நாற்பது வயது. பகலில் முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவள் வேலை செய்தாள். அதே இல்லத்தின் சலவை அறையில் நான். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தவள் நான், மூன்று வயது இளையவள், கல்யாணம் ஆகாதவள். அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் குடியிருந்தேன். ஆகவே அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு.

ஸ்டைன்புவில் ஆள் இருப்பதில்லை. நார்வே முழுக்கச் சங்கத்தின் ஆளில்லாக் குடில்களுக்கு ஒரே மாதிரிச் சாவிதான். உறுப்பினர்கள் திறந்து நுழைவார்கள், விறகு பிளப்பார்கள், சமைப்பார்கள், கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்காக அடுப்பில் சுள்ளியை அடுக்கி வைத்துவிட்டுப் பூட்டிப் போவார்கள். அப்படி வருகிறவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் அந்தக் குடிலின் ஒரு கரண்டி இடம் மாறினாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒரு ஆகஸ்டில் பெர்கன் நகரத்து இளம் ஜோடி ஒன்று சாவி இல்லாமல் வந்து வடக்குச் சன்னலை உடைத்து உள்ளே இறங்கி ஓர் இரவு தங்கியது. குடிலின் வருகைப் புத்தகத்தில் பெயரும் முகவரியும் எழுதி மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். அக்கா புதுக் கண்ணாடியை இரண்டு கம்பளிகளுக்கு நடுவே வைத்து முதுகில் கட்டிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் ஏறினாள். அதைப் பொருத்திவிட்டு வந்த கையோடு எங்கள் பள்ளத்தாக்கின் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். "ஆகஸ்ட் மழையில் யாரும் செத்ததில்லை. சாவி இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று அது முடிந்தது. அந்த ஜோடியின் பெயரையும் போட்டிருந்தாள். கடையில் பலர் அவள் கையைக் குலுக்கினார்கள்.

அந்தப் புத்தகத்தை நானும் பார்த்தேன். பெண்ணின் எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடியிருந்தது. துணிகளில் பெயர் எழுதித் தரும் முதியவர்களை தினமும் பார்க்கிறவள் நான். கட்டுப்பாட்டில் இல்லாத கையின் எழுத்து எனக்குத் தெரியும். அதை அக்காவிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தொண்ணூற்று நான்கில், இலையுதிர்கால விடுமுறைக்கு நாங்கள் நால்வரும் ஐந்து நாள் நடை புறப்பட்டோம். அக்கா, ஆர்வித் அத்தான், அவர்கள் மகள் ரூனா, நான். வழியில் நான்கு குடில்கள். மூன்றாவது ஸ்டைன்பு. ரூனாவுக்குப் பதினோரு வயது, சிட்டுக்குருவி மாதிரி இருப்பாள். அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளைச் சிரிக்க வைத்தே வாழ்கிறவர்.

எங்கள் குடும்பத்தின் குடில் சாவி எப்போதும் அத்தானின் கழுத்தில் ஒரு தோல்கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். ஸ்டைன்பு பொறுப்பாளர் என்ற முறையில் அக்காவுக்குச் சங்கம் கொடுத்த இன்னொரு சாவி சமையலறை ஆணியில் இருந்தது. புறப்படும் காலையில் அவள் கை அந்த ஆணி வரை போய்த் திரும்பியதைக் கண்டேன்.

"அதையும் எடுத்துக்கோயேன், என்ன கனமா கனக்கப்போகுது?" என்றார் அத்தான்.

"அது வேலைச் சாவி. நாம சுத்திப்பாக்கப் போறோம். சொந்த வேலைக்கு அத எடுக்கக் கூடாது."

"சுத்திப்பாக்கப் போறோமாம். போன தடவ நடுவழியில நின்னு சங்கத்துக் கோடாரிய தீட்டிக்கிட்டிருந்தா. ரூனா, ஒங்கம்மா போற வழியில ஆட்டு மந்தைக்கும் பல்லு தேச்சு விடுவா, பாரு."

ரூனா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. சாவி ஆணியிலேயே இருந்தது.

முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் இறக்கத்தில் அத்தானின் வலது முழங்கால் பிசகியது. குடிலுக்கு வந்ததும் அவர் குளிர்ந்த நீரில் துணி நனைத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். மறுநாள் காலை அக்கா பைகளைப் பிரித்து அடுக்கினாள். உணவு, பாத்திரம் எல்லாம் எங்கள் இருவர் பைக்கு வந்தன. கனமில்லாத மாற்றுத்துணிகளும் தூங்கும் பைகளும் அத்தானிடம் போயின. ரூனாவின் கம்பளி உடைகளும் அவர் பையில்தான். அவர் காலுக்கு இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு அது.

பத்து மணிக்குக் காற்று வடக்கே திரும்பியது. மதியம் ஒரு பெரிய பாறையின் மறைவில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டபோது மழையோடு பனியும் கலந்து பக்கவாட்டில் அடித்தது. அத்தான் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே நேரம் ஆயிற்று.

"ஒங்க நடைக்கு நாங்க நின்னா புள்ள வெறச்சிப் போயிடும்" என்றாள் அக்கா.

"அதான் சொல்றேன், நீங்க முன்னாடி போங்க. அடுப்ப மூட்டி காபி போட்டு வைங்க. நான் நொண்டிக்கிட்டே வந்து சேர்றேன்."

"தனியாவா?"

"கல்லுக்குக் கல்லு செவப்பு அடையாளம் போட்டிருக்கு. அதுல பாதி நீயே போட்டது. வழி தவறினா ஒன் மேலதான் புகார் குடுப்பேன்."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கிளம்பினோம். கிளம்பியபோது ஒருவருக்கும் சாவி நினைவு வரவில்லை. அதைக் கழுத்தில் மாட்டியிருந்தவருக்கும் வரவில்லை. வருடக்கணக்காக நால்வரும் சேர்ந்தே கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறோம். சாவி அத்தானிடம் இருக்கிறது என்று தனியாக நினைக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

குடிலுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் ஓர் ஆறு உண்டு. கல்லுக்குக் கல் கால் வைத்துக் கடக்க வேண்டும். கற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்திருந்தது. நான்காவது கல்லில் ரூனா வழுக்கி மார்பளவுத் தண்ணீரில் விழுந்தாள். அக்கா அவள் பையின் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கரையேற்றினாள். எல்லாம் பத்து வினாடிதான்.

நனைந்த சட்டையைக் கழற்றிக் கரையிலேயே போட்டுவிட்டு அக்காவின் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டோம். மேலே என் மழைச்சட்டை. கால்சட்டைக்கும் காலுறைக்கும் மாற்று இல்லை. பிழிந்து அதையே போட்டோம்.

"என் ஷூவுக்குள்ள மீன் இருக்கு சித்தி" என்றாள் ரூனா. பல் தந்தியடித்தது.

"நல்லதாப் போச்சு, ராத்திரிக்கு வறுத்துடலாம். நட, நட" என்றாள் அக்கா.

வேகமாக நடந்தோம். மூன்று மணி தாண்டியபோது பனித்தூறலுக்குள் குடிலின் கறுப்புக் கூரை தெரிந்தது. அக்கா முதலில் போய்ச் சேர்ந்தாள். பையைத் தொப்பென்று இறக்கிவிட்டுக் கதவின் பூட்டைத் தொட்டாள். அவள் முதுகு அசையாமல் நின்றது. அந்த முதுகைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"சாவி" என்றாள், எங்களைத் திரும்பிப் பார்க்காமல்.

விறகுக் கொட்டகைக்கும் அதே சாவிதான். பூட்டாத கதவு ஒன்றே ஒன்றுதான், கழிப்பறைக் கதவு. பலகைகளால் ஆன சின்ன அறை அது. ரூனாவை நடுவில் வைத்து மூவரும் அதற்குள் நெருக்கிக்கொண்டோம். காற்று குறைந்தது. குளிர் குறையவில்லை.

"அப்பா எப்ப வருவாரு?" என்றாள் ரூனா.

"பின்னாலதான் வந்துக்கிட்டிருப்பாரு. பத்து நிமிஷம்."

எனக்கு மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. அத்தானின் காலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம். அக்காவுக்கும் அந்தக் கணக்கு தெரியும். அவள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய்ப் பாதையைப் பார்த்து "ஆர்வித்!" என்று கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் வடக்குச் சன்னலுக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்றாள் என்னிடம். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நான் ரூனாவின் கையில் நாலு உலர்திராட்சை வைத்தேன். அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை, விரலிடுக்கில் விழுந்தது. அதைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் முடிவு செய்து, நான் பின்னால் போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். அவள் முடிவு செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் அத்தானுக்காகக் காத்திருந்தாள்.

பிறகு ரூனா தன் தொப்பியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி கழட்டுற?"

"புழுங்குது." சொல் குழறியது. "தூக்கம் வருது சித்தி."

அவளைச் சேர்த்து அணைத்தேன். அதுவரை என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த அந்த நடுக்கம் இல்லை. ஒரு மூட்டை மாதிரி சும்மா இருந்தாள். எழுந்து கதவைத் தள்ளினேன். அக்கா பாதையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அக்கா, புள்ள நடுங்குறத நிறுத்திட்டா."

அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மலையில் இத்தனை வருடம் நடந்தவள், உடம்பு குளிரிடம் தோற்கத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். வடக்குச் சன்னலுக்கு முன்னால் நின்றாள். கை உயரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு தலைக்கு மேல் தூக்கி அடித்தாள்.

ஒரே அடியில் போகவில்லை. நன்றாகப் பொருத்தியிருந்தாள். மூன்றாவது அடியில்தான் உள்ளே விழுந்தது. மீதித் துண்டுகளைத் தொப்பி சுற்றிய முழங்கையால் தட்டிவிட்டுத் தலைகுப்புற இறங்கினாள். மணிக்கட்டில் ரத்தம் ஓடியதை அவள் கவனிக்கவே இல்லை. உள்ளிருந்து சாவி இல்லாமலே திருகித் திறக்கிற பூட்டு அது, கதவைத் திறந்தாள்.

நான் ரூனாவைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். அடுப்பில் யாரோ முகம் தெரியாதவர் சுள்ளியையும் காகிதத்தையும் அடுக்கி, மேலே தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு குச்சியில் பற்றிக்கொண்டது. அக்கா ரூனாவின் ஈரத்துணி அத்தனையையும் உரித்தாள். தன்னுடையதையும் கழற்றினாள். மகளை நெஞ்சோடு சேர்த்துப் படுத்துக்கொண்டு, "இருக்கிற கம்பளி எல்லாத்தையும் போடு" என்றாள். ஒன்பது கம்பளி போட்டேன். உடைந்த சன்னலில் ஒரு மெத்தையை அடைத்து மேசையை நகர்த்தி முட்டுக் கொடுத்தேன்.

"ரூனா, ஒன் டீச்சர் பேரென்ன? சொல்லு. பூனைக்குப் பேரென்ன? தூங்காதடி, அம்மாகிட்ட சொல்லு."

பதில் இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் விறகு போட்டுக்கொண்டே இருந்தேன். என் முதுகை அவர்கள் பக்கம் வைத்திருந்தேன், பார்க்கப் பயம். கெட்டிலில் தண்ணீர் சத்தம் போடத் தொடங்கிய நேரத்தில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு தடதடப்பு கேட்டது. கட்டில் கால்கள் தரையில் மோதும் சத்தம்.

"நடுங்குறா" என்றாள் அக்கா. "ஹேர்டிஸ், இங்க வா, தொட்டுப் பாரு, நடுங்குறா."

ஓடிப்போய்த் தொட்டேன். கட்டிலே ஆடும்படி நடுங்கினாள். வலிக்கிறது என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். அக்கா அழவில்லை. "பூனைக்குப் பேரென்னடி?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத்தான் தெரியுமே" என்றாள் ரூனா எரிச்சலாக. அப்போதுதான் அக்கா நிறுத்தினாள்.

சர்க்கரை போட்ட வெந்நீரை அவள் குடித்து முடித்தபோது வாசலில் பூட்டுச் சத்தம் கேட்டது. கதவு உள்ளிருந்து தாழிடப்படாமல்தான் இருந்தது. ஆனால் அத்தான் கழுத்திலிருந்த சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். நான் போய்த் திறந்தேன். வழியில் ஆற்றங்கரையில் ரூனாவின் நனைந்த சட்டையைப் பார்த்திருக்கிறார். அப்போதுதான் அவர் கை நெஞ்சில் தொங்கிய சாவிக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து அந்தக் காலோடு ஓடியே வந்திருக்கிறார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"புள்ள?"

"இருக்கா" என்றேன்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட இருந்துச்சு, எங்கிட்டயே இருந்துச்சு" என்றார். வேடிக்கையாக ஒன்றாவது சொல்வார் என்று ரூனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாங்கள் நகரவில்லை. காலையில் அக்கா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்து வருகைப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். அவள் வெளியே போனதும் படித்தேன். "வடக்குச் சன்னலை உடைத்தது நான், இக்குடிலின் பொறுப்பாளர். சாவி இல்லை. மகள் நனைந்திருந்தாள். உடைப்பதற்கு முன் இருபது நிமிடம் காத்திருந்தேன். காத்திருந்தது தவறு." கீழே பெயர், தேதி.

அதற்கு அடுத்த நாள் ஆள் இருக்கும் குடிலுக்கு மெதுவாக இறங்கினோம். அங்கே தொலைபேசி இருந்தது, வண்டி வந்தது. பிள்ளையை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் மரத்துப் போயிருந்தன.

அக்கா மறுபடி பத்திரிகைக்கு எழுதினாள். நடந்ததைச் சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன் தான் எழுதியது பொய் என்றும், உயிருக்கு ஆபத்து என்றால் சன்னலை உடனே உடையுங்கள் என்றும் எழுதினாள். அனுப்புவதற்கு முன், அதைக் கேள்விப்பட்டுச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"சன்னல உடைச்சத சொல்லுங்க, சரி. அந்த இருபது நிமிஷத்த எதுக்குச் சொல்றீங்க? ஊரு ஒரு மாதிரி பேசும்."

"அத விட்டா எழுதறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

ஊர் பேசியது. ஒரு கண்ணாடிக்காகப் பெற்ற பிள்ளையைக் குளிரில் வைத்தவள் என்று சலவை அறையிலேயே என் காதுபடச் சொன்னார்கள். அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். பெர்கன் ஜோடியின் பழைய முகவரிக்கும் ஒரு கடிதம் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. அந்தப் பெண்ணின் எழுத்தைப் பற்றி, அவள் விரல்கள் குளிரில் விறைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதை, அன்றுதான் அக்காவிடம் சொன்னேன்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ கேக்கல."

"நான் கேக்கலைன்னாலும் சொல்லணும் ஹேர்டிஸ். இனிமே சொல்லணும்."

நான் சரி என்றேன். அதற்குப் பிறகு சில தடவை சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. குடில் பொறுப்பை ஆறு வருடத்துக்கு முன் விட்டுவிட்டாள். இடுப்பு வலியால் முதல் குடிலோடு திரும்பி விடுகிறாள். ஆர்வித் அத்தான் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். ரூனா ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். குளிர்காலத்தில் அவள் இடது காலுக்கு இரண்டு காலுறை போட வேண்டும். இந்த அக்டோபரில் பிள்ளைகளோடு ஐந்து நாள் நடைக்கு வருகிறாள். நானும் போகிறேன், எனக்கென்று தனிச் சாவியோடு.